பதினான்கு நொடி

ஹெட்போனில் டாக்டரின் குரல் பாதியில் நின்றது.

அக்கா மேசைக்கடியிலிருந்த கால் பெடலிலிருந்து பாதத்தை எடுக்கவில்லை. மிதித்திருக்கும்வரை பதிவு ஓடும். ஓடிக்கொண்டுதான் இருந்தது. குரல்தான் இல்லை.

அந்த ஸ்கேன் சென்டரில் அவள் பதினோரு வருடமாக டைப்பிஸ்ட். டாக்டர் படங்களைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து வைப்பார். அவள் கேட்டு ரிப்போர்ட்டாக அடிப்பாள். அவர் இருமினால் அடிப்பதில்லை. நடுவில் போன் அடித்தால் அதை அடிப்பதில்லை. அவர் சும்மா இருந்தால் அதையும் அடிப்பதில்லை.

திரையில் இருந்தது அவள் தங்கையின் ரிப்போர்ட்.

தங்கை மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அக்காவின் டப்பாவிலிருந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. கேட்கிற ஜென்மமா அது.

திங்கட்கிழமை அவள் சரக்குக் கப்பல் ஏற வேண்டும். சமையல் வேலை, எட்டு மாத ஒப்பந்தம். நாலு வருடம் எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, போன மாதம்தான் கூப்பிட்டார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வாங்கப் போன இடத்தில், இடது மார்பில் ஒரு உருண்டை கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வா, கையெழுத்துப் போடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்ட நர்ஸம்மா, இத்தனூண்டு இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத்தான் வரச் சொல்வார்கள் என்று ஆறுதல் சொல்லியிருந்தாள். தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறுக்குப் பதில் எட்டு. இரண்டு மாதம் தள்ளிப்போனால் அது என்ன ஓடியா போய்விடும் என்று கேட்டுவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள்.

ஹெட்போனில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள்.

பிறகு டாக்டர் பேசினார். ஆபத்தில்லாததாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அல்லது இப்போதே ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்கலாம்.

மாதத்துக்கு முப்பது தடவை வருகிற வரிகள். இதற்கென்றே ஒரு பொத்தானில் சேர்த்து வைத்திருந்தாள். அழுத்தினாள். மூன்று வரியும் பொத்தென்று திரையில் வந்து விழுந்தன.

பதிவைப் பின்னால் ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டாள். பதினான்கு நொடி.

டாக்டர் நிறுத்திப் பேசுகிற ஆள் இல்லை. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒரே ஓட்டமாகச் சொல்லி முடிப்பவர். படம் காட்டியதற்கு மேல் ரிப்போர்ட் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்பது அவர் கட்சி. மனசுக்குப் பட்டதையெல்லாம் எழுத இது டைரியா என்று கேட்பார்.

அவர் இப்படி நின்றுபோனதை அவள் இதற்கு முன் ஐந்து முறை கேட்டிருக்கிறாள். ஐந்து பெண்களின் அடுத்த ரிப்போர்ட்டையும் அவள்தான் அடித்தாள். ஐந்திலும் புற்று. மூன்று பேருக்கு அதற்கடுத்த ரிப்போர்ட் என்று ஒன்று வரவில்லை.

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அதனால் கப்பலை விட்டுவிடு என்றா? தொண்டை காய்ந்திருக்கும், தண்ணீர் குடித்திருப்பார் என்பாள். ஆறு மாதம் என்று காகிதத்தில் இருந்தால் போதும், திங்கட்கிழமை அவள் கடலில் இருப்பாள்.

"அக்கா, நீ மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா எனக்கு ரிப்போர்ட்டே தேவையில்ல."

அக்கா சிரித்து வைத்தாள்.

ஆறு மாத வரியின் மேல் அம்புக்குறியை இழுத்தாள். வரி நீலமானது. அழித்தாள். 'அல்லது' என்ற சொல்லையும் எடுத்தாள். கீழே இருந்தது மேலே ஏறி, இடைவெளியே தெரியாமல் பொருந்திக்கொண்டது.

கண்டுபிடித்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட ரிப்போர்ட்டைத் திருப்பி எறிகிறவர் அவர். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கடைசிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஒரு வரி விட்டுப்போச்சேம்மா."

"விட்டுப்போகல டாக்டர்."

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தாளின் உச்சியிலிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அங்கே அவள் மேசையில், அவள் சாயலிலேயே இன்னொருத்தி, சட்டையில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். உனக்கு என்ன தெரியும், நீ என்ன டாக்டரா, போய் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டு வா என்று கத்தப்போகிறார். கத்தினால், அவர் வெறும் தண்ணீர்தான் குடித்திருக்கிறார். கத்தட்டும். வேலையை விட்டே தூக்கட்டும். வாழ்க்கையில் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை அவள்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளை அருகில் இழுத்து, கையெழுத்துப் போட்டார்.