நடு ஓடையில் ஒரு தொழுவம்

வெகு காலம் கழித்து மேய்ச்சல் காட்டு ஓடையில் வெள்ளம் வந்தது. நடு ஓடையில் ஒரு மாட்டுத் தொழுவம் நின்றது.

"யாரைக் கேட்டுக் கட்டினாங்க?" என்று ஓடை சீறியது.

"பல வருஷமா உன்னைக் காணோம். நீ செத்துப்போயிட்டதா நினைச்சுட்டாங்க" என்றது பக்கத்தில் சிறு குன்றாக நின்ற கல்கரடு.

"புல்லு முளைக்கட்டும்னு மேய்ஞ்ச காட்டை முள்ளு வச்சு அடைச்சுக் காலியாப் போடறாங்க. அதுல எவனாவது வீடு கட்டுறானா? என் இடம்னா மட்டும் இளக்காரமா?"

தொழுவத்தில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு கரட்டின் மேல் ஏறியது. ஓடை தொழுவத்தை அடித்துக்கொண்டு போனது.

மறுநாள் ஊர் கூடி நின்று, "ஓடை தொழுவத்துக்குள்ள புகுந்துடுச்சே" என்று அங்கலாய்த்தது.

யாருக்குள்ள யாரு புகுந்தது என்று கேட்க ஓடையில் அப்போது தண்ணீர் இல்லை. அதே இடத்தில் புதுத் தொழுவத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.