ஏழைக்கென்று வெட்டிய துண்டு

பதவியேற்று மூன்றே மாதமான பிரதமர் ஸ்டெரியோஸ், ஏதென்ஸ் அலுவலகத்தில் புத்தாண்டு கேக்கை வெட்டுகிறார். உள்ளே ஒரு காசு புதைந்திருக்கிறது. யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருஷம் முழுக்க யோகம். வழக்கப்படி முதல் துண்டு ஏசுவுக்கு, அடுத்தது வீட்டுக்கு, மூன்றாவது வாசலுக்கு வரும் ஏழைக்கு. ஜன்னலுக்கு வெளியே, ஓய்வூதியம் வெட்டப்பட்டவர்கள் பாத்திரம் தட்டும் ஓசை. நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களின் அதிகாரி ஈரக் கோட்டும் கோப்புமாக, சொல்லாமல் வந்து நிற்கிறார். அவருக்குத் துண்டு இல்லை. "ஏழையோடதக் குடுத்துருங்க தலைவரே, அவனா வந்து கேக்கப்போறான்?" என்று நிதியமைச்சர் காதைக் கடிக்கிறார். பரிமாறும் எவான்தியா ஏழையின் துண்டுள்ள தட்டை விடாமல் பிடித்திருக்கிறாள். "குடுத்துரும்மா," என்கிறார் ஸ்டெரியோஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். அதிகாரி வாயில் வைக்கிறார்; பல்லில் காசு நறுக்கென்கிறது. "அதையும் எடுத்துக்கிட்டாரா," என்று எவான்தியா முணுமுணுக்கிறாள். ஸ்டெரியோஸ் காதில் விழாதவர்போல, முதல் ஆளாகக் கைதட்டுகிறார்.