பதினாலாம் பை

வேன்காரர் மூட்டையை இறக்கி வைத்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "வாயைத் திறக்காதீங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடிவு அவருக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மூட்டைக்குள் பதினெட்டு வலைப்பைகள். ஆட்டக்காரனுக்கு ஒன்று. சட்டை, அரைக்கால் சட்டை, காலுறை எல்லாம் அதற்குள். பையின் வாயில் எண் எழுதிய அட்டை.

எங்கள் சலவைக்கூடத்துக்கு மருத்துவமனைப் போர்வை வரும், ஓட்டல் விரிப்பு வரும். அவற்றை உற்றுப் பார்க்காமல் இருப்பதே நல்லது. கால்பந்து அணியின் துணி வர ஆரம்பித்து இது ஏழாவது வாரம். இரண்டாம் நிலை லீக். தொலைக்காட்சி எட்டிப் பார்க்காது. மறுநாள் பேப்பரில், மூலையில் இரண்டு எண்கள் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு மெஷினோடு மல்லுக்கட்டு. மைதானத்துக்குப் போக எங்கே நேரம்?

அதனால் ஆட்டத்தைத் துணியில் பார்க்கிறேன்.

கோல்கீப்பர் சட்டை பளிச்சென்று வந்தால், பந்து அந்தப் பக்கமே போகவில்லை. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சேறு என்றால், விழுந்து தடுத்திருக்கிறான். கழுத்துப் பட்டை கிழிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் வாரம் ஏமாந்துவிட்டேன். ஐந்து பேரின் காலுறையில் முன்பக்கம் புல்லின் பச்சை. இரண்டு காலிலும், முழங்காலுக்குக் கீழிருந்து ஒரே இழுப்பு. போச்சு, நம் ஆட்களை மண்டி போட வைத்துவிட்டார்கள் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பார்த்தால் மூன்று கோலில் ஜெயித்திருக்கிறார்கள். கோல் போட்டவன் ஓடிப் போய் மண்டியிட்டுச் சறுக்குவானாம். அவனைக் கட்டிப்பிடிக்க மற்றவர்களும் சறுக்குவார்களாம். சந்தோஷக் கறை! தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது.

அடுத்த வாரம் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். வியர்வைகூட ஒழுங்காக இல்லை. துணியைத் தொடவே எரிச்சலாக இருந்தது. அப்புறம் என்ன வேகம் வந்ததோ, நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்கவில்லை. ஐந்தாம் எண்காரன் சட்டையில் ரத்தம். பத்தாம் எண்காரன் சட்டையில் இரண்டு கையும் காணோம். சேறு வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது.

பதினாலாம் பை மட்டும் ஆறு வாரமும் ஒரே மாதிரி வந்தது. சட்டையில் ஒரு பொட்டு மண் இருக்காது. அரைக்கால் சட்டையின் பின்பக்கம் மட்டும் உட்கார்ந்து கசங்கியிருக்கும். பெஞ்சுக் கசங்கல்.

"இதுக்கு எதுக்கு தம்பி சோப்பு? உதறி மடிச்சாப் போதாதா?" என்பார் இஸ்திரி போடும் அக்கா.

நான் கேட்டதில்லை. மற்றவர்கள் துணியோடு சேர்த்தே போட்டேன், அதே சோப்பு, அதே சூடு.

இன்று கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் கீழ் லீக்குக்கு இறக்கிவிடுவார்கள். பைகளை வரிசையாகப் பிரித்தேன்.

கோல்கீப்பர் சட்டையில் இரண்டு பக்கமும் சேறு. போட்டுத் தாக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் எண்காரனின் ஒரு காலுறை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. அடிபட்டு வெளியே போயிருக்கிறான். கோல் போடுகிறவனே அவன்தான்.

பத்தைப் பிரித்தேன். காலுறை இரண்டிலும் பச்சை.

பதினொன்றிலும் பச்சை. ஆனால் இரண்டுமே குட்டைக் கோடு. பின்னால் ஓடி வந்து சறுக்கியவர்கள். போட்டவன் கோடு நீளமாக இருக்கும்.

யார் போட்டான்?

பதினாலாம் பையைத் தூக்கினேன். கனத்தது.

சட்டையை உதற முடியவில்லை, மண் அப்படி அப்பியிருந்தது. காலுறையை விரித்தேன். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை பச்சை. ஏழு வாரத்தில் இவ்வளவு நீளமாக ஒன்று வந்ததில்லை.

மெஷின் கதவில் இரண்டு கையாலும் மத்தளம் கொட்டினேன்.

"துணி துவைக்கிறியா, சாமியாடுறியா?" என்றார் அக்கா. "ஜெயிச்சோமா இல்லையா, அதைச் சொல்லு."

"ஜெயிச்சோம்க்கா! பதினாலு போட்டான்!"

வேன்காரர் வாயிலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணுக்குப் பூச்சியம். எண்பத்தெட்டாவது நிமிஷம். எப்படிய்யா?"

எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். பதினாலை மட்டும் கடைசியாக.

செல்போன் அடித்தது. மகன். ஞாயிறானால் இந்த நேரத்துக்கு அணியின் விடுதியிலிருந்து கூப்பிடுவான். ஆறு வாரமாக, "ஆடுனேன்பா, நல்லா ஆடுனேன்" என்று சொல்லி வருகிறான். நானும் "சந்தோஷம்டா" என்று சொல்லி வருகிறேன்.

அணியின் துணி எங்கே வெளுக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால், ஆட்டம் முடிந்ததும் சும்மா தரையில் உருண்டுவிட்டு அனுப்புவான். பை அட்டையில் அந்தப் பதினாலை எழுதியது அவன்தான். அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"என்னடா, இன்னைக்கும் ஆடுனியா?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இதுதான் முதல் தடவை என்று அவனால் சொல்ல முடியாது.

"ஆமாப்பா. எப்பவும் போலத்தான். இன்னைக்கு ஒரு கோலும் விழுந்துச்சு."

"சந்தோஷம்டா," என்றேன். தொட்டியில் தண்ணீர் பச்சையாகிக்கொண்டிருந்தது. "முழங்கால் ரெண்டுலயும் மருந்து போட்டுட்டுப் படு."