வண்டி எங்க கீது?

ஆண்டர்சன்பேட்டையின் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைக் கட்டில்மேல் நிழலாகக் கிடத்தியிருக்கிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுப் புழுதி போர்வையிலும் படிந்திருக்கிறது. நேற்று வெந்நீர் கொட்டிய தொடையில் பெரிய கட்டுடன் ஆறு வயது டீனா அசையாமல் படுத்திருக்கிறாள். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. ஒரு கை மட்டும் போர்வையின் ஓரத்தை விரல்கள் வெளுக்கப் பிடித்திருக்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும் ஆறு முகங்கள் வரைந்த, வலியை அளக்கும் அட்டையை நர்ஸ் ராதிகா அவள் முன்னால் நீட்டுகிறாள். டீனா அதைப் பார்க்கவே இல்லை. “அழுவவே இல்லியே சார். வலி கொறஞ்சி தூங்குறா. அடுத்த வலி ஊசி ஆறு மணிக்குத்தான்” என்கிறாள் ராதிகா. “தூங்கல சிஸ்டர். அழுவக்கூட முடியாம கீறா” என்கிறான் அப்பா ஜெயகரன். தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன் அவன். காலையிலிருந்து மகளின் வலியை ஸ்டேஷன் பெயரால்தான் கேட்கிறான். மாரிக்குப்பம் என்றால் வலி இல்லை. வண்டி தூரம் போகப் போக வலி அதிகம்; பெங்களூரு வந்தால் தாங்க முடியாத வலி. எட்டு மணிக்கு, அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் என்றாள். பத்து மணிக்கு இன்னும் தள்ளி, பங்காரப்பேட்டை. இப்போது மறுபடி அவள் காதருகே குனிகிறான். “வண்டி எங்க கீது கண்ணு?” காய்ந்த உதடுகள் பிரிய நேரமாகிறது. “பெங்களூரு தாண்டிடுச்சிப்பா. நிக்கவே மாட்டேங்குது.” ராதிகாவின் கையில் அட்டை அப்படியே நிற்கிறது. அடுத்து எந்த ஸ்டேஷன் என்று கேட்க ஜெயகரன் வாயைத் திறக்கிறான். பெங்களூருக்கு அப்பால் ஒரு ஸ்டேஷன் பெயரும் அவனுக்குத் தெரியாது.