புல் வெட்டாத மன்றம்

“போன மாசம் புல் வெட்டுற மெஷினுக்கு பெல்ட் போச்சுன்னீங்க. இந்த மாசம் பிளேடு உடைஞ்சிடுச்சுங்கிறீங்க. அடுத்த மாசம் என்ன, மெஷினுக்குக் காய்ச்சல் வருமா?”

கார்த்வெல் ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினார் டெரன்ஸ் பிக்ஸ்பி. லீட்ஸ் நகரத்திலிருந்து மலைப் பாதையில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சென்ற இலையுதிர் காலத்தில்தான் மனைவியோடு இந்த ஊருக்குக் குடிவந்திருந்தார். அவர் வீட்டுக்கு எதிரே, மூன்று சாலைகள் சேரும் இடத்தில், சின்னதாய் ஒரு முக்கோணத் திடல். அதில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது.

“நேத்து என் மனைவி காரை வெளியே எடுக்கிறா. புல்லுக்கு அந்தப் பக்கம் பால் லாரி வர்றது தெரியவே இல்ல. மயிரிழையில தப்பிச்சா. அவ போயிருந்தா உங்க பெல்ட்டும் பிளேடுமா அவளைத் திருப்பித் தரும்?”

மன்றத் தலைவி மியூரியல் ஹார்ட்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கஷ்டமாத்தான் இருக்கு, மிஸ்டர் பிக்ஸ்பி. ஏதாவது செய்யலாம். வில்ஃப், நீ கையாலயாவது வெட்டக் கூடாதா?”

“எனக்கு முதுகு சரியில்லையே” என்றான் புல் வெட்டும் பொறுப்பிலிருந்த வில்ஃப். அன்று காலைதான் ஒரு முழு ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் வேலி தாண்டியதை டெரன்ஸ் கண்ணால் பார்த்திருந்தார்.

மேஜையைச் சுற்றி, தலைவியையும் வில்ஃபையும் சேர்த்து, ஏழு உறுப்பினர்கள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஒருவர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

“சோம்பேறிக் கூட்டம்!” டெரன்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். “என்கிட்ட சொந்த மெஷின் இருக்கு. சனிக்கிழமை காலையில நானே வெட்டிக்கிறேன்.”

பின்னிக்கொண்டிருந்த ஊசி நின்றது. தூங்கியவர் கண் விழித்தார். வில்ஃபின் முகத்தில் ரத்தமே இல்லை.

“எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள் மியூரியல்.

சனிக்கிழமை டெரன்ஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது, திடலின் ஓரத்தில் மழைக்கால பூட்ஸோடு அவள் தனியாக நின்றிருந்தாள்.

“தடுக்க வந்தீங்களா?”

“இல்ல. அதை இங்கயே விட்டுட்டு என் பின்னாடி வாங்க. நான் கால் வைக்கிற இடத்துல மட்டும் கால் வைங்க.”

கிழவிக்கு மூளை பிசகிவிட்டதோ என்று நினைத்தாலும், டெரன்ஸ் பின்னால் போனார். திடலின் நடுவே மியூரியல் மண்டியிட்டு, குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது போலப் புல்லை விலக்கினாள்.

டெரன்ஸ் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஒரே ஒரு பூ. கருஞ்சிவப்பில் முறுக்கிய நான்கு இதழ்கள். நடுவில், பொம்மைக்குத் தைத்த செருப்பு போல ஒரு மஞ்சள் பை. உள்ளே விளக்கு ஏற்றி வைத்தது மாதிரி காலை வெயிலில் அது ஒளிர்ந்தது. ஒரு சின்னத் தேனீ செருப்பின் வாய்க்குள் விழுந்தது. பை லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் தேனீ பின்பக்கத்துச் சின்னத் துவாரம் வழியே, முதுகில் மகரந்தம் அப்பிக்கொண்டு வெளியே வந்து பறந்தது.

டெரன்ஸ் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார். ஈர மண்ணில் முழங்கால் பதிந்தது அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் இந்த மலைகளின் ஊடே ரயில் ஓட்டியிருக்கிறார். பச்சை, பச்சை, பச்சை என்று எல்லாம் பின்னால் ஓடியதுதான் ஞாபகம். அதற்குள் இப்படி ஒன்று இருந்ததா?

“இது... நிஜமா?” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“ஒரு காலத்துல இந்தப் பூச்செடி மலை பூரா இருந்துச்சாம். வேரோட தோண்டிச் சந்தையில வித்துத் தீர்த்துட்டாங்க. இப்ப எங்கேயாவது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போதும், மறுநாள் அங்க வெறும் குழிதான் இருக்கும்.”

“வேலி போடலாமே? ஒரு காவல்...”

“வேலி போட்டா, உள்ளே என்னமோ இருக்குன்னு நாமே சொல்ற மாதிரி. கவனிக்காம விட்ட மூலையில யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க. சோம்பேறி மன்றம்னு எங்களைத் திட்டிட்டுப் போயிடுவாங்க.”

டெரன்ஸ் தெருவில் நின்ற தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் இதை வெட்டியிருப்பேனே!”

“உங்க கோபத்துல தப்பு இல்ல. சாயந்தரம் வில்ஃப் வந்து உங்க வாசலுக்கு எதிர்ல ஒரு பெரிய கண்ணாடி வைக்கிறான். வர்ற வண்டி எல்லாம் அதுல தெரியும். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும். அதுக்கு என்னை மன்னிச்சுடுங்க.”

காற்றில் பூ ஒருமுறை தலையாட்டி நின்றது.

“அன்னிக்கு உங்க எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்” என்றார் டெரன்ஸ். “ஊர் பூரா திட்டினாலும் வாயே திறக்காத ஏழு பேரு! இப்படிப்பட்டவங்களை எங்கே தேடிப் பிடிச்சீங்க?”

மியூரியல் புல்லை மெல்லப் பழையபடி மூடினாள்.

“எங்கேயும் தேடல, தம்பி. ஏழு பேருமே இந்தப் புல்லை ஏன் வெட்டலன்னு சண்டைக்கு வந்தவங்கதான். வில்ஃப் டிராக்டரோட வந்தான், நான் அரிவாளோட வந்தேன்.”