அளவு ஜாக்கெட்

கல்யாண ஜாக்கெட் தைக்க மாப்பிள்ளை வீட்டார் அளவு கேட்டபோது, சொர்ணாவின் ஜாக்கெட்டைக் கொடுக்கக் கூச்சப்பட்ட அம்மா, அவளுடைய ஒல்லியான தங்கை வாசுகியின் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிவிட்டாள். "நாப்பது நாள் இருக்குடி. அதுக்குள்ள இளைச்சிட மாட்டியா?"

தைத்து வந்த அரக்கு நிற ஜாக்கெட்டில் ஐந்து கொக்கிகள். முதல் நாள் ஒன்றுகூட எட்டவில்லை. சொர்ணா கொள்ளுக் கஞ்சியும் வெந்நீரும் குடித்தாள்.

"பேசாம நானே போய் மணவறையில உக்காந்துடறேன்க்கா, நீ சோறு தின்னு" என்று வாசுகி சிரித்தாள்.

மூன்றாவது கொக்கி மாட்டிய அன்று சொர்ணா குழாயடியில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்த அம்மா, கண் திறந்ததும் அவள் இடுப்பைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு ஐந்தாவதும் மாட்டியது. மூச்சை முழுதாக இழுக்காமலிருந்தால் போதும். அன்று மாலையே மாப்பிள்ளையின் அம்மா வந்து, அதைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

"அச்சா பொருந்தியிருக்கே!" என்று பூரித்தவர், கையோடு கொண்டுவந்த பையைத் திறந்தார். "மறுவீட்டுக்கு, தலைதீபாவளிக்குன்னு எல்லாத்தையும் இதே அளவுல தைக்கச் சொல்லிட்டேன்."

பதினொரு ஜாக்கெட்டுகள். அம்மா அவற்றை வாங்கி சொர்ணாவின் மடியில் அடுக்கினாள்.

"முகம் ஏம்மா இப்படி வாடிக் கெடக்கு?" அந்த அம்மாள் தட்டிலிருந்த லட்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினார்.

சொர்ணா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு ஜாக்கெட்டை விரித்து, பின்னால் பெரிதாக்க உள்ளே தையல் ஓரத்தில் துணி விட்டிருக்கிறார்களா என்று தடவிக்கொண்டிருந்தாள். விடவில்லை.