பார்வை நேரக் குரல்

சிறார் கூர்நோக்கு இல்லத்தில் மகளைப் பார்க்கப் போகுமுன் வசுமதி கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் அவள் பேசுவதெல்லாம் யாரோ ஒருத்தியின் குரலில்தான் வெளியே கேட்கும். டாக்டரின் உத்தரவு அது. பதினாறு வயது ஆதிரையின் தலைக்குள் ஓயாமல் ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கச் சொன்னதும் அந்தக் குரல்தான். அது அச்சு அசல் அம்மாவின் குரல்.

"நான் எங்க டாக்டர் தீ வைக்கச் சொன்னேன்?" என்று வசுமதி முதல் நாளே சண்டை போட்டிருந்தாள்.

இன்று ஆதிரை தெளிவாக இருந்தாள். அம்மா கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை ஆசையாகச் சாப்பிட்டாள்.

"இன்னும் கேக்குதாடி?"

"கேக்குதும்மா. முன்ன மாதிரி இல்ல."

"என்னதான் சொல்லுது?"

ஆதிரை தட்டைப் பார்த்தபடியே ஒப்பித்தாள். "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருக்கலாம். கிறுக்கு மாதிரி நடிக்காத. நீ படிச்சுக் கிழிச்சது போதும், அந்தப் பள்ளிக்கூடத்தக் கொளுத்திட்டு வீட்ல கெட."

மகளின் மார்க் வந்த அந்தச் சாயங்காலம் வசுமதிக்கு நினைவுக்கு வந்தது. கையில் கரண்டியோடு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னது. சொன்ன கையோடு மறந்தும் போயிருந்தது.

ஆதிரை அவள் கையைத் தொட்டாள். "நீ அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டம்மா. அது நோய்தானே?"

"நோய்தான்டி" என்றாள் வசுமதி, யாரோ ஒருத்தியின் குரலில்.